வெள்ளை நூல் கட்டிய வயர்

சாப்பிடும்போது கடல் பக்கமிருந்து மோட்டார் சத்தம் கேட்டால் மெக்கானிக்கின் கை அப்படியே நின்றுவிடும். எடுத்த கவளம் வாய்க்கும் போகாது, தட்டுக்கும் திரும்பாது. உதடு மட்டும் லேசாக அசையும். மேல், கீழ், மேல், கீழ் என்று அவர் சிலிண்டரை எண்ணுகிறார் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். சத்தம் ஒரே சீராகத் தேய்ந்து மறைந்த பிறகுதான் கவளம் உள்ளே போகும். துறையில் மோட்டார் படகுகள் பெருகப் பெருக அவர் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. ஒருமுறை வந்திருந்த மகள், அப்பா சாப்பிட உட்காரும்போது காதில் பஞ்சு வைத்துவிடலாமா என்று கேட்டுச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அந்தப் பழக்கம் எந்த நாளில் தொற்றிக்கொண்டது என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். துறையிலிருந்து மேலேறும் சரிவுத் தெருவில், ஐஸ் விற்பவர் கடைக்கு எதிரே. பின்னறையில் அடுப்பும் படுக்கையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அதை மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். மண்ணெண்ணெய் வாசனை தலையணை உறைவரை வந்து படுத்துக்கொள்ளும். முன்னறைச் சுவரோரம் மரச்சட்டத்தில் படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார்கள், கழுத்தைப் பிடித்துத் தூக்கிய வாத்துகளைப் போல வரிசையாகத் தொங்கும். வாசலில் தண்ணீர் நிறைந்த பெரிய டிரம். பழுது பார்த்த மோட்டாரை அதில் இறக்கித்தான் ஓட்டிப் பார்ப்பார்.

மெக்கானிக்குக்குப் பேச்சு கம்மி. மோட்டார்தான் பேசுதே, நடுவுல நான் எதுக்கு என்பார். ஆனால் தொழிலில் அவருக்கென்று சில கட்டாயங்கள் இருந்தன. தான் போட்ட ஒவ்வொரு உதிரிப் பாகத்திலும் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார். பின்னால் யாராவது குறை சொல்லிக்கொண்டு வந்தால், பொட்டு இருந்தால் என் வேலை, இல்லையென்றால் எவன் வேலையோ என்று கணக்குத் தீர்ந்துவிடும். இன்னொன்று வெள்ளை நூல். பழைய மோட்டார்களில் மேல் சிலிண்டருக்குப் போகும் வயரும் கீழ்ச் சிலிண்டருக்குப் போகும் வயரும் ஒரே கறுப்பு, ஒரே நீளம். அவை இடம் மாறினால் பொறி விழவேண்டிய நேரத்தில் விழாது. மோட்டார் உயிர் பிடிக்காது. அதனால் மேல் வயரில் வெள்ளை நூல் கட்டுவது அந்தக் கடை வழக்கம். அவர் விரல்கள் தடித்தவை, முடிச்சு போட வராது. முடிச்சு போடுவது அவள்தான். கார்பரேட்டர் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, நூலையும் கட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இரண்டு சிலிண்டரில் ஒன்று விட்டு விட்டு அடித்தால் திருடனைப் பிடிக்க அவருக்கு ஒரே வழி. மேலே இருப்பதைக் கீழே போடு, கீழே இருப்பதை மேலே போடு. கோளாறும் கூடவே இடம் மாறினால் அந்தச் சாமான்தான் திருடன். மாறவில்லையா, அதை விட்டுவிட்டு அடுத்ததை மாற்று. பிளக், காயில், கண்டென்சர் என்று பொறிக்கு வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாக. மாத்திப் போட்டுப் பாரு, மாத்திப் போட்டுப் பாரு என்று அவர் முணுமுணுப்பதைத் துறையில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் பேச்சில் பெண்ணு சரியில்லை என்று யாராவது சொன்னால்கூட, மெக்கானிக்கிட்ட கேளு, மாத்திப் போட்டுப் பாக்கச் சொல்வார் என்று கேலி பேசுவார்கள்.

மெக்கானிக் மனைவியின் தம்பிக்கும் அது மனப்பாடம். யாரும் சொல்லித்தந்ததல்ல. அக்காள் வீட்டுக்கு வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பான், அவ்வளவுதான். துறையில் அவனுக்குத் துடுப்பு என்று பெயர். துடுப்பே எடுத்துப் போகாததால் வந்த பெயர். எல்லோரும் மோட்டார் இருந்தாலும் படகில் ஒரு ஜோடி துடுப்பைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். இவன் அதை வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட நட்டு வைத்திருந்தான். கேட்டால், "எங்க மச்சான் கை வெச்ச மோட்டார் இருக்கறப்ப துடுப்பு எதுக்கு? அது அவருக்கே அவமானம்" என்பான். மெக்கானிக் காதில் விழும்படிதான் சொல்வான். அவரும் அதைக் கேட்டு உள்ளூரப் பூரித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் பூரித்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

தம்பியின் மோட்டார் அவன் மாமனார் காலத்துப் பழசு. ஒரு நாள் கீழ்ச் சிலிண்டர் சரியில்லை என்று கொண்டுவந்தான். மெக்கானிக் புதுக் கண்டென்சர் போட்டு, டிரம்மில் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டினார். தையல் மிஷின் மாதிரி ஓடியது. மறுநாள் காலையில் அவன் கடலுக்குப் போனான். முற்பகலில், கரையோரம் வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர், தூரத்தில் ஒரு மோட்டார் நொண்டி அடிப்பதைக் கேட்டார்கள். பிறகு அது நின்றது. யாரோ பழுது பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். மதியத்துக்குமேல் காற்று திரும்பியது. இரண்டு நாள் கழித்துப் படகு கிடைத்தது, மோட்டாரோடு. ஆள் இல்லை. ஆள் கிடைக்கவே இல்லை.

தம்பி மனைவி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகை விற்றாள். மோட்டாரை மட்டும் கொடுக்கவில்லை. மெக்கானிக் போய்க் கேட்டபோது, இருக்கட்டும் அண்ணே என்றாள். அதை உள்ளறையில், கதவுக்குப் பின்னால், அவன் சட்டையால் போர்த்தி நிறுத்திவைத்திருந்தாள். ராத்திரி எழுந்தால் ஆள் நிற்பதுபோல இருக்குமாம். அதற்குத்தான் வைத்திருந்தாளோ என்னவோ.

அன்றிலிருந்து மெக்கானிக் எந்த மோட்டாரையும் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுத் தருவதில்லை. மோட்டாரின் தலை தொட முடியாதபடி கொதிக்கும்வரை ஓட்டுவார். சில கோளாறுகள் சூட்டில்தான் தலைகாட்டும், ஆறினால் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் ஆகிவிடும் என்பது அவருக்கு முன்பே தெரிந்ததுதான். தெரிந்தும் அன்றைக்கு ஓட்டவில்லை. எதிர்க்கடை ஐஸ்காரர், "நான் குளிரவெச்சு விக்கறேன், நீ அவிச்சு விக்கறே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மெக்கானிக் சிரிப்பார். அது பல்லோடு நின்றுவிடும்.

இப்படிப் பல வருஷம் ஓடிவிட்டது. ஒரே படுக்கை, ஒரே அடுப்பு. ஒரு கேள்வி மட்டும் இருவருக்கும் நடுவில் மூன்றாம் ஆளாகப் படுத்துக்கொண்டிருந்தது. என் தம்பியை இவர் கை வேலைதான் கொன்றதா என்று அவள் கேட்கவில்லை. உன் தம்பியை நான்தான் கொன்றேனா என்று அவரும் கேட்கவில்லை. ஆனால் தட்டில் கை நிற்கும் ஒவ்வொரு முறையும் இருவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

போன மழைக்காலம் முடிந்து வெயில் வந்த சமயம். தம்பி மனைவி ஒரு தள்ளுவண்டியில் மோட்டாரைப் படுக்கவைத்துத் தானே தள்ளிக்கொண்டு சரிவில் ஏறி வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கடை வாசலில் அவள் கால் வைத்ததில்லை. மெக்கானிக் ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி மறுபடி துணியில் துடைத்தார்.

"அண்ணே, இதை ஒருதரம் ஓடவெச்சுப் பாக்கணும்."

அவர் தள்ளுவண்டியைப் பிடித்து வாசலோரம் நிறுத்தினார்.

"வீட்டைக் காலி பண்றேன். மக வீட்டுக்குப் போறேன். இதைத் தூக்கிட்டுப் போகவும் மனசில்ல. என்ன ஆச்சுன்னு தெரியாம விட்டுட்டுப் போகவும் மனசில்ல. என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க. அது யாரு பண்ணதா இருந்தாலும் சரி."

"பாக்கறேம்மா," என்றார் அவர்.

இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு தனியாக இருந்தது. அதைத் தம்பி மனைவி தன் பையிலிருந்து எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தாள். கயிற்றின் மரப்பிடியில் சட்டைத் துணி ஒன்று கிழித்துச் சுற்றப்பட்டிருந்தது. நீலக்கோடு போட்ட துணி. அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டை. படகில் கிடைத்தபோதே அப்படித்தான் இருந்ததாம். எதற்குச் சுற்றினார் என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன் அண்ணி, பிடி உடையக்கூட இல்லை என்றாள்.

அவள் போன பிறகும் மெக்கானிக் வெகுநேரம் மோட்டாரைத் தொடவில்லை. அடுத்திருந்த வேறொரு மோட்டாருக்குப் போய்ச் சரியாக இருந்த திருகை இறுக்கினார். பிறகு வந்து மூடியின் கொக்கியை விடுவித்தார். அவர் மனைவி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு நடுக்கதவில் நின்றிருந்தாள்.

மூடி திறந்ததும் அவர் கை நின்றது. தட்டில் நிற்பதுபோலவே.

அவளும் பார்த்தாள். வெள்ளை நூல் நிறம் மங்கிப் பழுப்பாகியிருந்தது. ஆனால் முடிச்சு அவள் போட்ட முடிச்சுதான், இரண்டு சுற்றும் ஒரு வளையமும். அந்த நூல் கட்டிய வயர் கீழ் பிளக்கில் மாட்டியிருந்தது. நூல் இல்லாத வயர் மேலே.

அந்த வீட்டிலிருந்து வயர் மாறி ஒரு மோட்டார் வெளியே போனதில்லை. மாறியிருந்தால் டிரம்மிலேயே ஓடியிருக்காது; காலையில் துறையைத் தாண்டியிருக்காது. ஆக இது கடலில் நடந்தது. நடுக்கடலில், மூடியைத் திறந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்ததை நினைத்துக்கொண்டு, மாத்திப் போட்டுப் பாரு என்று ஒருவன் செய்தது. பிளக்கை மாற்றலாம். காயிலை மாற்றலாம். வயரை மாற்றக் கூடாது. பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

மெக்கானிக் இரண்டு வயரையும் கழற்றினார். துடைப்பதற்கே கழற்றியதுபோல முனைகளைத் துடைத்தார். வெள்ளை நூலை மேலேயும் மற்றதைக் கீழேயும் மாட்டினார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வழிநெடுக மண்ணெண்ணெய் சிந்தியிருந்தது.

சிலிண்டருக்குள் பிஸ்டன்கள் துருவில் இறுகிக் கிடந்தன. பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவைத்தார். ஒரு காலையில் அசைந்து கொடுத்தன. பெட்ரோல் வரும் குழாய்களை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, டிரம்மில் இறக்கினார். துணி சுற்றிய அந்தக் கயிற்றை அவர் எடுக்கவில்லை. கடையிலிருந்த வேறு கயிற்றைச் சுற்றி இழுத்தார்.

இரண்டாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை தெருவை மூடியது. சத்தம் சீராக, தையல் மிஷின் மாதிரி. அந்தச் சத்தம் கேட்டு வெளியே வந்த ஐஸ்காரர் வழக்கமான கேலிக்கு வாயைத் திறந்தவர், எந்த மோட்டார் என்று புரிந்ததும் மூடிக்கொண்டார். துடுப்பு காலையில் துறையைத் தாண்டும்போது கேட்கிற சத்தம் அது. அவளுக்கு அடுப்படியில் நின்றபடியே தம்பி போவது தெரிந்தது. ஒரு கை மோட்டார் பிடியில், ஒரு கை அக்காள் வீட்டுப் பக்கம் பார்த்து ஆட்டியபடி.

தண்ணீர் வெதுவெதுப்பாகி, ஆவி கிளம்பி, மோட்டார் தலை தொட முடியாதபடி ஆனபோது கீழ்ச் சிலிண்டர் விழுந்தது. துட், துட், துட் என்று ஒற்றைக்காலில் நொண்ட ஆரம்பித்தது. ஐஸ்காரர் வெயில் நேரத்திலேயே கடைக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு வலை உலர்த்திய இருவரில் அவரும் ஒருவர்.

மெக்கானிக் மேல் வயரைக் கழற்றினார், மோட்டார் நின்றது. மறுபடி கிளப்பிக் கீழ் வயரைக் கழற்றினார். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. செத்தது கீழேதான். ஆறவைத்து மறுபடி இழுத்தார். இரண்டு சிலிண்டரும் சாதுவாக ஓடின. சூடானதும் மறுபடி கீழ்ச் சிலிண்டர் விழுந்தது. பிளக்குகளை மாற்றிப் போட்டார். கோளாறு இடம் மாறவில்லை. காயில்களை மாற்றினார், மாறவில்லை. பிளக் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் கயிறு சுற்றும் தலைச்சக்கரத்தைக் கழற்றி, மாட்டி, சூடாக்கவேண்டும். ஒரு வாரம் இப்படிப் போனது. தினமும் காலையில் தம்பி புறப்பட்டான், தினமும் நண்பகலுக்குள் நொண்டினான். அவள் அந்த நேரத்துக்குத் துணி துவைக்க உட்கார்ந்துகொள்வாள். எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் சத்தம் கேட்டது.

கடைசியில் கண்டென்சர்களை மாற்றினார். சூடானபோது மேல் சிலிண்டர் விழுந்தது. திருடன் இடம் மாறிவிட்டான்.

அவள் பின்னறையிலிருந்து வந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் கட்டைவிரல் அளவு கண்டென்சர். அதன்மேல் சிவப்புப் பொட்டு. இத்தனை வருஷத்திலும் சாயம் போகாமல் பளிச்சென்று இருந்தது.

"தங்கச்சியை வரச்சொல்லு," என்றார்.

"என்ன சொல்லப்போறீங்க?"

"உள்ளதைச் சொல்றேன்."

"எல்லாத்தையுமா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வயர் மாறியிருந்ததை அவளும் பார்த்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தலை குனிந்துகொண்டார்.

அன்று மாலை அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது கண்ணாடிபோலத் தெரிந்தது. பொட்டைக் காட்டுவார், வயரைச் சொல்லமாட்டார். செத்தவனைக் காட்டிக்கொடுக்காமல் முழுப்பாரத்தையும் தன் தலையில் போட்டுக்கொள்வார். சொல்லாமல் விட்டால் புருஷன் கொலைகாரன். சொன்னால் தம்பி முட்டாள். ஒன்று கூடப்பிறந்தது, ஒன்று கூடப்படுத்தது. எதை விட்டுக்கொடுப்பாள்?

தம்பி மனைவி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். மெக்கானிக் கண்டென்சரை அவள் முன்னால் ஒரு துணியில் வைத்தார். இது நான் போட்டது, பொட்டு என்னுடையது, சூடானதும் கீழ்ச் சிலிண்டரை விட்டுவிட்டது, ரொம்ப நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை என்று சொன்னார். பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டு, "என் கைதாம்மா," என்றார்.

தம்பி மனைவி அந்தச் சின்னச் சாமானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சிலிண்டர் போனா படகு நின்னுடுமா அண்ணே?"

மெக்கானிக் கண்டென்சரைத் துணியில் சுருட்டத் தொடங்கினார். அந்த இடத்தில்தான் அவர் மனைவி வாய் திறந்தாள். நடுக்கதவைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"நிக்காது. நொண்டிக்கிட்டே வந்து சேந்துடும். வயர் மாறிக் கிடந்துச்சு. மேல கட்டுன நூல் கீழ இருந்துச்சு. அவன்தான் மாத்தியிருக்கான். இவரு சொல்லமாட்டாரு. நான் பாத்தேன்."

தம்பி மனைவியின் முகத்தில் ஏதோ அசைந்தது. அழப்போகிறாள் என்று இருவரும் நினைத்தார்கள். அவள் சிரித்தாள்.

"வீட்டுல ஓடுற கடிகாரத்தைத் தொறந்து நிறுத்திவெக்கிற ஆளு. இஸ்திரிப் பெட்டியைச் சரி பண்றேன்னு உக்காந்து வீட்டுக்கே கரண்டு போச்சு. ஒத்தக்கால்ல வந்திருக்கலாம்ல. நொண்டிக்கிட்டாவது வந்திருக்கலாம்ல."

சிரிப்பு பாதியில் அறுந்தது. சுவரில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். எழுந்துபோய் எடுத்தாள். நீலக்கோட்டுத் துணியைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அண்ணே, எவ்வளவு தரம் இழுத்தா உள்ளங்கைத் தோல் உரியும்?"

மெக்கானிக் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதுதான் பதில். வயர் மாறியதுதான் காரணம் என்று தெரியாமல், பிடிக்கவே முடியாத மோட்டாரை, துடுப்பில்லாத படகில் நின்றுகொண்டு அவன் இழுத்திருக்கிறான். தோல் உரிந்த பிறகு சட்டையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு இழுத்திருக்கிறான். மச்சான் கை வைத்த மோட்டார், பிடித்துக்கொள்ளும் என்று.

தம்பி மனைவி கயிற்றைப் பையில் வைத்துக்கொண்டாள். மோட்டாரை நீங்களே வெச்சுக்குங்க என்றாள். படியிறங்கும்போது திரும்பி, "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. அவரு மேலயும் இல்ல. தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்," என்றாள். அடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்னொன்று இருந்தது. அதை மெக்கானிக்கும் சொல்லவில்லை, அவர் மனைவியும் சொல்லவில்லை. அந்தக் கண்டென்சர் ஆறினால் தானாகச் சரியாகிவிடும். அன்றைக்கு அவன் ஒன்றையுமே தொடாமல், மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்வதுபோலக் கால் ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அதுவே இரண்டு சிலிண்டரிலும் கிளம்பியிருக்கும். அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அவர்களும் அதைப் பேசிக்கொள்வதில்லை.

மோட்டார் இப்போது கடைச் சுவரில் மற்றவற்றோடு தொங்குகிறது. புதுக் கண்டென்சர் போட்டாகிவிட்டது, பொட்டும் வைத்தாகிவிட்டது. நூல் மட்டும் பழைய நூல். அவிழ்க்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவ்வப்போது டிரம்மில் இறக்கி, கொதிக்கும்வரை ஓட்டுகிறார். இரண்டு சிலிண்டரும் சீராக ஓடுகின்றன. வாங்க ஆள் வரவில்லை.

மெக்கானிக்கின் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. கடலில் எத்தனை மோட்டார் போனாலும் அவர் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து கை கழுவுகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் அவள் கைதான் தட்டில் நின்றுவிடுகிறது.